வாத்துப் பலகை

மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே இருக்கும் ஜெரிம்பாவில் மதுக்கடை ஒன்றுதான். அந்தக் கடைக்குச் சொந்தமான பலகை ஒன்று உண்டு. வருடத்தில் ஒரு நாள் மட்டும் அது கடைக்கு வரும். மீதி நாளெல்லாம் யாராவது ஒருவர் வீட்டுச் சமையலறையில் தொங்கும். மேலே மரத்தில் செதுக்கிய வாத்து, கீழே வரிசையாகப் பித்தளைத் தகட்டில் பெயர்கள். அந்த வருடம் வட்டாரத்திலேயே பெரிய மடத்தனம் செய்தவர் யாரோ அவரைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை கூப்பிட்டு, கையில் பீரைக் கொடுத்து, பலகையையும் கொடுத்து, வயிறு வலிக்கச் சிரித்து அனுப்புவார்கள். வாங்கினவர் அதை வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி ஒரு வருடம் மாட்டிவைக்க வேண்டும். மாட்டாமல் கொட்டகையில் ஒளித்துவைத்த ஒருவரை அந்தக் குற்றத்துக்காகவே மறு வருடமும் தேர்ந்தெடுத்தார்கள்.

சென்ற வருடம் பலகை லினெட் காரிகனுக்குப் போனது. காரணம், அவள் பிக்கப் வண்டியின் கியர்பாக்ஸைக் கருக்கியது. மாடு நக்குகிற உப்புக் கட்டிகளை டிரெய்லரில் ஏற்றி நகரத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்தவள், பாதி வழியில் கருகின ரொட்டி வாடையோடு நின்றுவிட்டாள். வண்டி முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை. இதை அவள் கணவன் நெவில் மதுக்கடையில் கதையாகச் சொன்னான். கதை சொல்வதில் நெவிலை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. வானொலியில் பாட்டைப் போட்டுக்கொண்டு காலை வேக மிதியில் வைத்தவள் எடுக்கவே இல்லை என்றும், வாடை வந்ததும் யாரோ ரொட்டி சுடுகிறார்கள் என்று ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்தாள் என்றும் அவன் அளக்க அளக்க, கடையே குலுங்கியது. அதற்குப் பிறகு ஓட்டெடுப்பு எதற்கு? மெக்கானிக் கழற்றிப் போட்ட கருகல் தகடு ஒன்றைப் பலகையில் ஆணியடித்து, கீழே அவள் பெயரைப் பொறித்துக் கொடுத்துவிட்டார்கள்.

லினெட்டும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் ஜெரிம்பாவில் குடியிருக்க முடியாது. ஆனால் உள்ளே வலித்தது. பதினாறு வயதிலிருந்து டிரெய்லர் இழுக்கிறவள் அவள். அன்றைக்கு அவள் பாட்டும் கேட்கவில்லை, விரட்டிக்கொண்டும் வரவில்லை. எங்கே தப்பு நடந்தது என்று அவளுக்கே தெரியாததுதான் கொடுமை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி வந்து விழுந்த இடம் தெரிகிறது, பாவம் எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

அதன் பிறகு டிரெய்லர் மாட்டினால் நெவில்தான் ஓட்டினான். யாரும் சட்டம் போடவில்லை. சாவிக்கு அவன் கை நீளும், அவள் கொடுத்துவிடுவாள். குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே பலகை தொங்கிக்கொண்டிருந்தது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் வாத்து அவளைப் பார்த்தது.

கியர்பாக்ஸைப் புதிதாக மாற்றியபோது லினெட் ஒரு காரியம் செய்தாள். கியர்பாக்ஸ் எண்ணெய் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று எண்ணில் காட்டும் சின்னப் பெட்டியைத் தபாலில் வரவழைத்து, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள். கூட வந்த காகிதத்தை எழுத்து விடாமல் படித்தாள். கியர் தானாக விழுகிற வண்டியில் இன்ஜினின் பலத்தைக் கியருக்குத் தள்ளுவது எண்ணெய்தான். பாரத்தை இழுத்துக்கொண்டு மெதுவாக ஊர்ந்தால் அந்த எண்ணெய் வழுக்கி வழுக்கியே கொதிக்கும். அதை ஆற்றுவதற்கு ரேடியேட்டருக்கு முன்னால் சீப்பு மாதிரி ஒரு சின்ன ஆற்றி இருக்கிறது. தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்றால் நிம்மதி. நூற்றிப் பத்தைத் தாண்டினால் கவலை. நூற்றி இருபதைத் தாண்டினால் உப்புக் கட்டி கதைதான்.

நெவில் அந்தப் பெட்டிக்கு ஐரீன் என்று பெயர் வைத்தான். ஐரீன் லினெட்டின் அம்மா. போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. இருந்த நாளில் நெவில் செய்கிற எதையும் குறை சொல்லாமல் விட்டதில்லை.

நவம்பரில் இரண்டு கெடுதல் சேர்ந்து வந்தது. மாட்டை மடக்கப் போன நெவில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டான். கை கழுத்திலிருந்து கட்டின துணித் தூளியில் தொங்கியது. அடுத்த வாரமே 'பன்னிரண்டு மைல்' என்று அவர்கள் சொல்லும் கடைசி மேய்ச்சல் வெளியில் ஆழ்கிணற்றுப் பம்பை ஓட்டும் இன்ஜின் செத்துப்போனது. பெயர்தான் பன்னிரண்டு. அந்தக் கணக்கு நேராகப் பறக்கிற காக்காய்க்கு. வண்டிக்கு இரண்டு மடங்கு. அங்கே கன்றோடு நிற்கிற பசுக்கள் முழுவதும் அந்த ஒரு தொட்டியை நம்பித்தான் இருந்தன. முந்தின நாள் விமானத்தில் பறந்து பார்த்த பக்கத்துப் பண்ணைக்காரர், தொட்டி அடி தெரிகிறது என்று ரேடியோவில் சொன்னார். அங்கே நவம்பர் கோடைக்காலம், நிழலில் நாற்பத்து மூன்று டிகிரி அடிக்கிற வெயில். இன்று சாயங்காலத்துக்குள் தண்ணீர் வராவிட்டால் நாளைக்குக் கன்று விழும், மறுநாள் தாய் விழும்.

பழைய லாரி பட்டறையில் கிடந்தது. இருந்தது பிக்கப் ஒன்றுதான். மாற்று இன்ஜினையும் ஒரு பெரிய பீப்பாய்த் தண்ணீரையும் டிரெய்லரில் ஏற்றிக் கட்டினார்கள். பிறகு இருவரும் வண்டிக்கு முன்னால் நின்றார்கள். நெவிலின் நல்ல கை வழக்கம்போலச் சாவிக்கு நீண்டது. பாதியில் நின்று திரும்பியது.

"இதையும் கருக்கிட்டேன்னா மாடு செத்துடும், லின்," என்றான். கிண்டல் இல்லை. பயந்துபோய்ச் சொன்னான்.

"தெரியும். ஏறு," என்றாள் அவள்.

சரளை ரோட்டில் வண்டி ஒழுங்காகத்தான் போனது. லினெட் மேல் கியருக்குப் போகவிடாமல் ஒரு படி கீழேயே பிடித்து ஓட்டினாள். வேகம் சீராக இருந்தால் உள்ளே இன்ஜினையும் கியரையும் சேர்க்கிற பூட்டு விழுந்துகொள்ளும், எண்ணெய் வழுக்காது. காகிதத்தில் படித்தது. முன்பு தெரியாமல் போய்விட்டதே என்று எத்தனையோ இரவு நினைத்துப் புரண்டதும் அதைத்தான்.

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நெவில், "ஐரீன் என்ன சொல்றா?" என்று கேட்டான். தொண்ணூற்றாறு என்றாள். பிறகு நூற்றிரண்டு. சமதளம், மேடு இல்லை, மணல் இல்லை, ஆனாலும் நூற்றாறு. அவன் கேட்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்க ஆரம்பித்தான்.

லினெட் ஏசியை அணைத்து ஜன்னலை இறக்கினாள். பிறகு ஹீட்டரை முழுக்கத் திருப்பினாள். இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை வண்டிக்குள்ளே வாங்கிக்கொண்டால் ரேடியேட்டருக்குச் சுமை குறையும். சூடான காற்று நெவிலின் முழங்காலில் வந்து மோதியது. வெளியே நாற்பத்து மூன்று, உள்ளே எவ்வளவோ. தூளியில் கையைக் கட்டிக்கொண்டு அடுப்பில் வைத்த ஆட்டுத்தொடை மாதிரி அவன் வேர்த்துக் கொட்டினான்.

"என்னைக் கொல்றதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

"நீ வெந்தா பரவால்ல. கியர்பாக்ஸ் வேகக் கூடாது."

செம்மணல் மேட்டின் அடிவாரத்தில் பெட்டி நூற்றிப் பதினேழு காட்டியது. அந்த மேட்டைத் தாண்டினால் தொட்டி தெரியும். ஆனால் இந்தச் சூட்டோடு மணலில் ஏறினால் உச்சிக்குப் போகும்போது கியர்பாக்ஸ் இருக்காது. நிறுத்தினாள்.

இன்ஜினை அணைத்து ஆறவிடு என்றான் நெவில். அந்த ஊரில் எவனும் அதைத்தான் சொல்லுவான். அவள் நியூட்ரலில் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, வேக மிதியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாள்.

"அணைடீ. எதுக்கு இன்னும் சூடேத்துற?"

"அணைச்சா எண்ணெய் நின்னுடும். நின்ன எடத்துலயே கெடந்து வேகும். ஓடினாத்தான் ஆத்திக்குள்ள போய்ச் சுத்திட்டு வரும்."

"யாரு சொன்னா? ஐரீனா?"

"ஆமா. எங்கம்மா தப்பாச் சொல்லி நீ எப்பப் பாத்த?"

இருவரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காகிதக் கணக்குப்படி எண் இறங்க வேண்டும். இறங்கவில்லை. நூற்றிப் பதினேழிலேயே நின்றது, பிறகு நூற்றிப் பதினெட்டு ஆனது. பாரம் இல்லை, சக்கரம் சுற்றவில்லை, எண்ணெய் ஓடுகிறது, ஆனாலும் ஆறவில்லை. லினெட் உட்கார்ந்து யோசித்தாள். எண்ணெய் ஆற்றிக்குப் போகிறது. ஆற்றிக்குக் காற்று போகிறதா?

இறங்கினாள். காலையில் சாப்பிட்ட உப்புக்கறி ரொட்டியைச் சுற்றியிருந்த எண்ணெய்க் காகிதத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போனாள். இன்ஜினின் விசிறி உள்ளே இழுக்கிற இழுப்புக்குக் காகிதம் முகப்பில் போய்ப் பட்டென்று ஒட்ட வேண்டும். கங்காரு மோதினால் தாங்குவதற்காக முன்னால் போட்டிருந்த இரும்புக் கம்பிகளுக்கு நடுவே அதை நீட்டிப் பிடித்துக் கையை விட்டாள். காகிதம் ஆடி ஆடித் தரையில் விழுந்தது. இன்னொரு தடவை வைத்தாள். இன்னொரு தடவை விழுந்தது.

அப்போதுதான் அவள் வலையைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால், கண்ணில் அது தினமும் பட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த ஊரில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. வெட்டுக்கிளி வருகிற பருவத்தில் ரேடியேட்டர் அடைக்காமலிருக்க எல்லோரும் வண்டி முகப்பில் வலை கட்டுவார்கள். நெவிலும் போன வருடம் செப்டம்பரில் கட்டினான். மற்றவர்கள் ஒரு வலை கட்டினால் அவன் கெட்டிக்காரன் அல்லவா, தோட்டத்து நிழல்வலைக்குப் பின்னால் கொசுவலையையும் சேர்த்து இரட்டையாகக் கட்டினான். வெட்டுக்கிளி போய்விட்டது, வலை தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அழுத்தக் குழாயை முகப்பில் பீய்ச்சி வண்டியைப் பளபளவென்று கழுவுவான். அது அவன் வேலை, வேறு யாரும் தொடக்கூடாது. முன்னாலிருந்து அடிக்கிற தண்ணீர் குப்பையை வெளியே தள்ளுமா, உள்ளே தள்ளுமா? அதை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவன் யோசிக்கவில்லை.

லினெட் இன்ஜினை அணைத்துவிட்டு, குறட்டால் கட்டுகளை வெட்டினாள். வலை கையோடு வந்தது. வலையா அது? கால் மிதியடி. நசுங்கின வெட்டுக்கிளி, புல்விதை, புழுதி எல்லாம் ஒரு வருடத்துத் தண்ணீரில் ஊறிக் காய்ந்து கம்பளி மாதிரி இறுகிக் கிடந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தாள். ஒரு பொட்டு வெளிச்சம் தெரியவில்லை.

நெவில் இறங்கிவந்து பக்கத்தில் நின்றான். போன வருடம் செப்டம்பரில் கட்டின வலை. அவள் கியர்பாக்ஸ் கருகினது நவம்பரில். அதிலும் அந்த வாரம் முழுக்க வெட்டுக்கிளி மழை. கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு? பிறகு ஏன் அவன் கையில் கருகவில்லை என்றால், கனத்த பாரத்தையெல்லாம் அவன் லாரியில்தான் இழுத்தான், பிக்கப்பில் டிரெய்லர் மாட்டினதெல்லாம் குளிர்காலத்தில்.

அவளுக்குக் கோபம் வந்தது. பொல்லாத கோபம். ஒரு வருடம் பால் எடுக்கும்போதெல்லாம் வாத்தின் முகத்தில் விழித்த கோபம். வாயைத் திறந்தால் என்ன வருமென்று தெரியாததால் திறக்கவில்லை. அவனே ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தாள். நெவில் மணலைப் பார்த்தான், மேட்டைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான்.

"சரி, தூக்கி எறி அதை. நேரமாவுது," என்றான்.

அவள் எறியவில்லை. சுருட்டி வண்டியின் பின்பக்கம் போட்டாள்.

இன்ஜின் மூடியைத் திறந்து, உள்பக்கத்தில் கை நுழைந்த இடத்திலிருந்தெல்லாம் ஆற்றியைத் துடைப்பத்தால் வெளியே பார்த்துத் தட்டினாள். விதை கொட்டியது. மணலில் புதையாமலிருக்க டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினாள். பிறகு இன்ஜினைப் போட்டு, கீழே கிடந்த காகிதத்தை எடுத்து முகப்பில் வைத்தாள். பட்டென்று ஒட்டிக்கொண்டது. கையை எடுத்த பிறகும் விழவில்லை. வண்டிக்குள் ஏறிப் பார்த்தால் எண் கண்ணெதிரே இறங்கியது. நூற்றிப் பத்து, நூற்றி நான்கு, தொண்ணூற்றெட்டு.

நாலு சக்கரமும் இழுக்கிற தாழ்ந்த கியரில் போட்டாள். மணலில் வேகமாக ஏறுகிறவன் பாதியில் புதைவான், உயர்ந்த கியரில் மெல்ல ஏறுகிறவன் எண்ணெயைக் கொதிக்க விடுவான். தாழ்ந்த கியரில் இன்ஜின் இரைய, வண்டி நடக்கிற வேகத்தில் போக வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது, திடீரென்று மிதிக்கவும் கூடாது. டிரெய்லர் ஒரு தடவை இடதுபுறம் சரிந்தது. அவள் ஸ்டீயரிங்கை ஒரு முழம் திருப்பி மீட்டாள். உச்சியில் நூற்றியொன்பது. இறங்கும்போது நூற்றியொன்று. நெவில் வழி முழுக்கப் பேசவில்லை. அது அவனுக்கு எவ்வளவு கஷ்டமென்று அவளுக்குத் தெரியும்.

பசுக்கள் காலித் தொட்டியைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றன. கத்தித் தொண்டை கட்டிப்போன மாடுகள். வண்டிச் சத்தத்துக்கு ஒன்றிரண்டுதான் தலையைத் திருப்பின. ஒரு கன்று வேலியோரம் படுத்திருந்தது, ஆனால் காது ஆடியது. முதலில் பீப்பாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அது மாட்டுக்கு ஒரு வாய்கூட வராது. பிறகு செத்த இன்ஜினைத் தள்ளிவிட்டு, டிரெய்லரிலிருந்து மரச்சட்டம் ஒன்றைச் சாய்த்துப் புது இன்ஜினைச் சறுக்கி இறக்கினார்கள். நெவில் ஒரு கையால் தாங்க, அவள் போல்ட்டுகளை முறுக்கினாள். பெல்ட்டை மாட்டிச் சுழற்றியதும் இன்ஜின் இரண்டு தடவை தும்மிவிட்டுப் பிடித்துக்கொண்டது. குழாய் வெகுநேரம் காற்றைத் துப்பியது. பிறகு செந்நிறத்தில் கொஞ்சம், அப்புறம் மணிக்கட்டுக் கனத்தில் தண்ணீர். பசுக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. லினெட் படுத்திருந்த கன்றின் வாயில் தொப்பியால் தண்ணீர் ஊற்றினாள். மூன்றாவது தொப்பிக்கு அது எழுந்து நின்று அவளை முட்டியது. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். நெவில் பார்க்காதவன் மாதிரி பெல்ட்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவள் பலகையைக் கழற்றி மேசையில் வைத்தாள். வலையில் கையகல இடத்தை வெட்டி, வெட்டுக்கிளிக் கால்களும் புல்விதையும் அப்படியே இருக்க, கருகின தகட்டுக்குப் பக்கத்தில் ஆணியடித்தாள். மறுபடி பழைய இடத்தில் மாட்டினாள். கிறிஸ்துமஸ் வரைக்கும் நெவில் அதற்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டான்.

அந்தச் சனிக்கிழமை மதுக்கடையில் கால் வைக்க இடமில்லை. கடைக்காரர் பேரி பலகையை வாங்கி உயர்த்திப் பிடித்தார். இந்த வருடத்துக்குப் போட்டியில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று ஆரம்பித்தவர், நடுவில் நிறுத்திவிட்டார். ஆணியடித்த துண்டை மூக்குக்கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார், முகர்ந்தார்.

"இது என்னது? போன வருஷம் இல்லையே."

"அந்தக் கியர்பாக்ஸை நெஜமாக் கருக்கினது," என்றாள் லினெட். "எங்க வண்டி மூஞ்சியில இருந்துச்சு. காத்தே போகல."

சிரிப்பு வரவில்லை. பலகை கைமாறியது. ஒவ்வொருவரும் துண்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். வலை கட்டாத வண்டி அந்தக் கடை வாசலில் ஒன்றும் கிடையாது.

"யாரு கட்டினது?" என்று பேரி கேட்டார்.

லினெட் பீரைப் பார்த்தாள். இதை அவள் சொல்லப்போவதில்லை. கடையே நெவிலைப் பார்த்தது. தூளி கழன்று இரண்டு வாரம் ஆகியிருந்தது. இந்தச் சங்கதியில் ஒரு மணி நேரத்துக்குக் கதை இருக்கிறது, அதை எப்படி வேண்டுமானாலும் வளைக்க அவனுக்குத் தெரியும். அவன் எழுந்தான். வாயைத் திறந்தான். மூடினான்.

"நான்தான்," என்றான். "ரெண்டு வலை கட்டினேன். வாராவாரம் குழாய்த் தண்ணியப் பீச்சி அதை இறுக்கினதும் நான்தான். அவ ஒழுங்காத்தான் ஓட்டியிருக்கா. அன்னைக்கும் சரி, போன மாசமும் சரி."

அவ்வளவுதான். நெவில் அவ்வளவு சின்னதாக ஒரு கதையை அந்தக் கடையில் சொன்னதே இல்லை. உட்கார்ந்துவிட்டான்.

பிறகு ஓரத்தில் இருந்த ஒருவர், காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று மேசையிலிருந்து காகிதக் கைக்குட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் பின்னால் இன்னொருவர், பிறகு மூன்று பேர். வாசலில் வரிசையாக இன்ஜின்கள் கிளம்புகிற சத்தம் கேட்டது. பேரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வட்டாரத்துப் பெரிய மனிதர்களெல்லாம் தங்கள் தங்கள் வண்டி முகப்பில் குனிந்து காகிதத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுகிற காகிதம்தான் அதிகம். ஒருவர் சத்தமாகக் கெட்ட வார்த்தை சொன்னார்.

அந்த வருடத்துப் பலகைக்கு வேறு போட்டி இல்லாமல் போயிற்று. பித்தளைத் தகடு அடிக்கும்வரை பொறுக்காமல் நெவில் ஓர் ஆணியை வாங்கி, லினெட்டின் பெயருக்கு மேலே தன் பெயரைக் கீறினான். எங்கே மாட்டுவது என்று அவளைக் கேட்டான்.

"இருந்த எடத்துலதான். உனக்கும் பால் எடுக்கத் தெரியுமில்ல?"

கடையைவிட்டு வந்தபோது வண்டியில் டிரெய்லர் மாட்டியிருந்தது, அடுத்த வாரத்துத் தீவனத்தோடு. சாவி லினெட்டின் கையில் இருந்தது. அவன் கை நீளுமென்று பழக்கத்தில் ஒரு நொடி நின்றாள். நெவில் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறுபக்கம் சுற்றிப்போய் ஏறி உட்கார்ந்தான்.

ஊர் எல்லையைத் தாண்டி ரோடு நேரான பிறகு, "ஐரீன் என்ன சொல்றா?" என்று கேட்டான்.

"தொண்ணூறு," என்றாள்.